பெருங்குழல் கைத்துப்பாக்கியின் பின்னுதைப்பு: அதைத் தாங்க வேண்டியது எது?

குண்டு குழலை விட்டு முன்னோக்கிப் பாயும்போது அதற்கு ஈடான உந்தம் ஆயுதத்தின் வழியே சுடுபவரின் கையை நோக்கித் திரும்பி வருகிறது என்னும் உண்மை, நியூட்டன் 1687-இல் வெளியிட்ட பிரின்சிப்பியாவின் மூன்றாம் விதியிலேயே அடங்கிவிட்டது. அதன்மீது இன்று எவருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆயினும் அவ்வாறு திரும்பி வரும் உதையை எது ஏற்றுக்கொள்ள வேண்டும், ஆயுதத்தின் இரும்பா, தோட்டாவின் அளவா, சுடுபவரின் சரீரமா, அவருடைய மனமா என்னும் வினாவுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக வெவ்வேறு விடைகள் கூறப்பட்டு வருகின்றன. நீண்ட துப்பாக்கியில் தோளும் மார்பும் பகிர்ந்துகொள்ளும் பாரத்தைக் கைத்துப்பாக்கியில் மணிக்கட்டும் உள்ளங்கையும் மட்டுமே ஏற்க வேண்டியிருப்பதால், குழல்விட்டம் பெருகப் பெருக இவ்வினா கூர்மை அடைந்து வந்திருக்கிறது. அவ்விடைகளின் பூர்வோத்தரங்களையும் அவை தளரும் இடங்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வினா வளர்ந்த வரலாறு

1847-இல் டெக்ஸாஸ் ரேஞ்சர் படையின் சாமுவேல் வாக்கர் கூறிய யோசனைகளின்படி சாமுவேல் கோல்ட் செய்தளித்த .44 ரிவால்வர், ஓர் அறைக்கு ஏறத்தாழ 60 கிரெய்ன் கருமருந்து கொள்ளக்கூடியது. அதன் எடை நான்கரைப் பவுண்டு, அதாவது இரண்டு கிலோகிராமுக்குச் சற்று மேல். இடுப்பில் செருகும் ஆயுதமாக அல்லாமல் சேணத்தில் தொங்கவிடும் ஆயுதமாகவே அது விளங்கிற்று. 2003-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியார் வெளியிட்ட .500 மேக்னம் ரிவால்வரின் நீண்ட குழல் வடிவமும் ஏறக்குறைய அதே இரண்டு கிலோ எடையுள்ளதுதான். 156 ஆண்டு இடைவெளியில் உலோகக்கலையும் இரசாயனமும் எவ்வளவோ முன்னேறியும் எடை மட்டும் அந்த அளவைத் தாண்டவில்லை என்பதைக் கொண்டு, நீட்டிய கையால் மனிதன் நிலையாகப் பிடிக்கக்கூடிய பாரத்தின் எல்லை ஏறத்தாழ அங்கேதான் இருக்கிறது என்று கருத இடமுண்டு. ஆனால் முன்னதன் உதை மிதமானது. பின்னதன் உதையோ கணக்கிட்டுப் பார்த்தால் அதைப்போல் ஏழெட்டு மடங்கு. எடை நின்ற இடத்திலேயே நிற்க, உதை மட்டும் ஏறிச் சென்றதுதான் இவ்வினாவின் சரித்திரம் முழுவதும்.

அந்த ஏற்றத்துக்கு முதல் தூண்டுதல் போர்க்களத்திலிருந்து வந்தது. பிலிப்பைன்ஸ் தீவுகளில் மோரோ வீரர்களுடன் பொருதிய அமெரிக்கச் சேனை, தனது .38 ரிவால்வர் எதிராளியைத் தடுத்து நிறுத்தப் போதவில்லை என்று குறைப்பட்டதன் விளைவாக, 1904-இல் ஜான் தாம்ஸன், லூயி லாகார்ட் என்னும் இரு அதிகாரிகள் சிக்காகோவின் கால்நடைக் கொட்டில்களில் உயிருள்ள மாடுகளின்மீதும் வேறிடத்தில் பிரேதங்களின்மீதும் சுட்டுப் பார்த்து, .45-க்குக் குறைந்த குழல்விட்டம் ஆகாது என்னும் முடிவுக்கு வந்தனர். இன்றைய அளவுகோலில் அப்பரிசோதனை மிகச் சிலவான உதாரணங்களைக் கொண்டு மிகப் பெரிய முடிவைக் கூறியதாகவே தோன்றும். எனினும் 1911-இல் ஏற்கப்பட்ட .45 பிஸ்டலுக்கு அதுவே அஸ்திவாரம்.

இரண்டாம் தூண்டுதல் வேட்டையாளரிடமிருந்து எழுந்தது. 1935-இல் .357 மேக்னம் வெளிவந்தபோது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியைச் சேர்ந்த டக்ளஸ் வெஸ்ஸன் அதைக் கொண்டு பெருவிலங்குகளை வேட்டையாடிக் காட்டினார். ஐடஹோ மாநிலத்து மாட்டுப்பண்ணையாளரும் எழுத்தாளருமான எல்மர் கீத்துக்கு அதுவும் போதவில்லை. மிகை மருந்திட்ட .45 ரிவால்வர் ஒன்று 1925-இல் தம் கையிலேயே வெடித்துச் சிதறியதன் பிறகு, உருளையின் சுவர் சற்றுத் தடித்திருக்கும் .44 ஸ்பெஷலுக்கு மாறி, அதில் தாமே கனத்த தோட்டாக்களைத் தயாரித்துச் சுட்டு, முப்பது ஆண்டுகள் விடாமல் எழுதி வாதாடியதன் பயனே 1955-இல் வெளிவந்த .44 மேக்னம். அதன்பின் டிக் கசூல் உருவாக்கிய .454 தோட்டாவும், வயோமிங்கில் ஜான் லைன்பா கைவேலையாகச் செய்தளித்த .475, .500 ரிவால்வர்களும், இறுதியில் தொழிற்சாலைப் படைப்பான .500 மேக்னமும் வரிசையாக எழுந்தன. கரடி உலவும் அலாஸ்காவில் மீன்பிடிக்கச் செல்பவருக்கு இவை தற்காப்பு. வேட்டையாளருக்கு இவை ஒரு சவால். உலோக உருவ இலக்கு விளையாட்டில் 200 மீட்டரில் நிற்கும் இரும்பு ஆட்டுக்கடாவைத் தொட்டால் மட்டும் போதாது, சாய்த்தாக வேண்டும். அங்கே இந்த ஆற்றல் நேரடித் தேவை.

அளக்கக்கூடியது

உதையின் பௌதிக அளவு மிக எளிதில் கணக்கிடக்கூடியது. குண்டின் உந்தத்தோடு வெளியேறும் புகைவாயுவின் உந்தத்தையும் கூட்டி, ஆயுதத்தின் நிறையால் வகுத்தால், ஆயுதம் பின்வரும் வேகம் கிடைக்கும். அவ்வேகத்திலிருந்து அதன் இயக்க ஆற்றல் கிடைக்கும். 1.1 கிலோ எடையுள்ள .45 பிஸ்டலுக்கு இந்த ஆற்றல் சுமார் 7 ஜூல். 1.35 கிலோ எடையுள்ள .44 மேக்னம் ரிவால்வரில் 240 கிரெய்ன் குண்டை வினாடிக்கு 1,400 அடி வேகத்தில் செலுத்தினால் ஏறத்தாழ 22 ஜூல். .500 மேக்னத்தில் 440 கிரெய்ன் குண்டை 1,625 அடி வேகத்தில் செலுத்தினால் 60 ஜூலை எட்டுகிறது. அதே .44 தோட்டாவை, ஸ்காண்டியம் கலந்த இலேசான உலோகத்தில் செய்யப்பட்டு 700 கிராமுக்குச் சற்றே மேற்பட்ட எடையுள்ள ரிவால்வரில் இட்டால், 22 என்றிருந்த எண் 40-க்கு ஏறிவிடுகிறது. தோட்டாவின் பெயரை மட்டும் கேட்டு உதையை மதிப்பிடுவது எவ்வளவு பிழையாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பிரத்தியட்சம் வேண்டியதில்லை.

இத்தகைய கணக்கின் மேல் எழுப்பப்படும் விவாதங்களில் பெரும்பாலானவை, ஒருவர் உந்தத்தையும் மற்றவர் ஆற்றலையும் மனத்தில் கொண்டு பேசுவதால் விளைபவை. உந்தம் தோட்டாவினால் நிர்ணயிக்கப்படுவது. ஆயுதத்தைக் கனமாக்கி அதைக் குறைக்க இயலாது. ஆற்றலோ நிறை கூடக் கூடக் குறைவது. இவ்விரண்டோடு மூன்றாவதாக, கைப்பிடிக்கு மேலே குழல் எவ்வளவு உயரத்தில் அமைந்திருக்கிறது என்பதைப் பொறுத்து எழும் சுழற்சியையும், நான்காவதாக அந்த உதை கையில் வந்து அடங்கும் கால அளவையும் கணக்கில் கொள்ளவேண்டும். இந்த நான்கையும் ஒன்றாகக் கூட்டி, இவ்வளவு என்று கூறவல்ல ஒரே அளவுகோல் ஏற்படவில்லை. சுடுபவர் உணரும் உதை என்று பேசப்படுவது இந்நான்கும் கைப்பிடியின் வடிவமும் ஓசையும் கலந்த ஓர் அனுபவம். இதைக் கவனியாமல் எழுதப்பட்ட ஒப்பீடுகள் ஏராளம்.

ஆயுதமே தாங்கட்டும் என்னும் கட்சி

முதற்கட்சியார் ஆயுதத்தின் அமைப்பிலேயே பரிகாரம் தேடினர். இவர்களுள்ளும் கைப்பிடியைப் பற்றிய வழக்கு மிகப் பழையது. 1873-இல் வந்த கோல்ட் ரிவால்வரின் கலப்பைமேழி போன்ற வளைந்த கைப்பிடி, சுடும்போது உள்ளங்கையில் உருண்டு மேலேறுகிறது. அவ்வுருளல் உதையைச் சற்று நீண்ட நேரத்துக்குப் பரப்பிவிடுவதோடு, அடுத்த வேட்டுக்குச் சுத்தியலைக் கட்டைவிரலின் அருகே கொண்டுவந்தும் தருகிறது என்பது அதன் ஆதரவாளர் வாதம். 1894-இல் இங்கிலாந்தின் பிஸ்லி சுடுகளத்தின் பெயரால் வந்த நிமிர்ந்த கைப்பிடியோ உருளவிடாமல் நேராகப் பின்தள்ளுவது. லைன்பா போன்ற பெருங்குழல் நிபுணர் பின்னதையே விரும்பினர். மிதமான தோட்டாவில் உருளும் கைப்பிடி சுகமானது என்பதும், உதை மிகும்போது அவ்வுருளலே கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட தோலை உரித்துவிடுகிறது என்பதும் இரு சாராரும் ஒப்புக்கொள்ளும் உண்மைகள். ஆதலின் இவ்வழக்கு உண்மையில் ஓர் எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பதைப் பற்றியதேயன்றி வேறில்லை. 1959-இல் வந்த ரூகர் சூப்பர் பிளாக்ஹாக்கில் விசைக்காப்பின் பின்புறம் சதுரமாக அமைக்கப்பட்டிருந்தது. பார்வைக்குக் கம்பீரமான அந்த மூலை ஒவ்வொரு வேட்டுக்கும் நடுவிரலின் கணுவில் வந்து மோதியதால், பலர் .44-ஐயே வெறுத்தனர். உதையின் மொத்த அளவைவிட அது உடலின் எந்த அங்குலத்தில் வந்து இறங்குகிறது என்பதே சில சமயம் முக்கியமாகிவிடுகிறது. ரப்பர் கைப்பிடிகள் பரவியதன் காரணமும் இதுவே.

குழல்வாயில் துளையிட்டு வாயுவைத் திசைதிருப்பும் உபாயம் பீரங்கியிலிருந்து வந்தது. 1920-களில் தாம்ஸன் இயந்திரத் துப்பாக்கியில் கட்ஸ் என்னும் அதிகாரியின் சாதனமாக அறியப்பட்டு, பின்னர் மிச்சிகனைச் சேர்ந்த லாரி கெல்லியின் துளைகளாகக் கைத்துப்பாக்கிக்கு வந்து சேர்ந்தது. இதைப்பற்றிக் கூறப்படும் புகழ்ச்சிகளைச் சிறிது நிதானத்துடன் ஏற்கவேண்டும். நீண்ட துப்பாக்கியில் மருந்தின் எடை குண்டின் எடையில் கால்பங்குக்கும் மேல் இருப்பதுண்டு; .44 மேக்னத்திலோ பத்தில் ஒரு பங்கு, கனத்த .500 தோட்டாவில் அதனினும் குறைவு. மொத்த உந்தத்தில் வாயுவின் பங்கு எட்டில் ஒன்றளவே இருக்கும்போது, அதைத் திருப்பிவிட்டுப் பெறும் இலாபமும் அதற்குள்தான் பெரும்பாலும் அடங்கும். குழல் மேலெழும்புவதை மேல்நோக்கிய துளைகள் கண்கூடாகத் தணிக்கின்றன என்பது மறுக்கமுடியாதது. ஆனால் அதற்கு விலையாக ஓசையும் வெப்பக்காற்றும் சுடுபவரின் முகத்தை நோக்கியும், பக்கத்தில் நிற்பவரின் செவியை நோக்கியும் திரும்புகின்றன. மேக்னம் கைத்துப்பாக்கியின் உச்ச ஓசை ஏற்கெனவே 160 டெசிபலை ஒட்டியது என்பதை நினைத்தால், இவ்விலை சிறிதன்று.

டெஸர்ட் ஈகிள் போன்ற, வாயுவால் இயங்கும் கனத்த பிஸ்டல்களில் நகரும் பாகங்களின் பயணம் உதையைக் காலத்தில் பரப்புகிறது. அதன் பயன் உணரத்தக்கதே; எனினும் இரண்டு கிலோ எடையும் அகன்ற கைப்பிடியும் சிறிய கையுடையவரைத் தொடக்கத்திலேயே விலக்கிவிடுகின்றன.

தோட்டாவைக் குறை என்னும் கட்சி

தாங்கமுடியாததைத் தாங்கப் பழகுவதைவிடத் தேவையான அளவோடு நின்றுவிடுவதே விவேகம் என்போர் இரண்டாம் கட்சியார். பிரிட்டிஷ் சேனை முதல் உலகப்போர் முழுவதிலும் .455 வெப்லியைத் தாங்கி நின்றபின், குறுகிய காலப் பயிற்சி பெறும் படைவீரனுக்கு அது மிகை என்று கண்டு, 1930-களின் தொடக்கத்தில் 200 கிரெய்ன் குண்டுடைய .38 என்ஃபீல்டுக்கு இறங்கியது இவர்களின் பழைய மேற்கோள்.

புதிய மேற்கோள் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 1986 ஏப்ரலில் மயாமியில் நிகழ்ந்த மோதலில் அந்நிறுவனத்தின் முகவர்களில் இருவர் மாண்டனர், ஐவர் காயமுற்றனர். அதன் விளைவாக வலிமைமிக்க 10 மில்லிமீட்டர் தோட்டா தெரிந்தெடுக்கப்பட்டது; 1990-இல் வெளிவந்த .40 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் பின்னர் அதன் இடத்தைப் பிடித்தது. 2014, 2015 ஆண்டுகளில் நிறுவனம் மீண்டும் 9 மில்லிமீட்டருக்கே திரும்பிற்று. முகவர்களின் கை உதையைத் தாங்காததே முதல் இறக்கத்துக்குக் காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது முழுமையான விவரம் அன்று. பரிசோதனைக் கட்டத்திலேயே நிறுவனம் 10 மில்லிமீட்டரின் வேகத்தைக் குறைத்த தோட்டாவைத்தான் விரும்பிற்று. அந்தக் குறைந்த வேகத்தைச் சிறிய தோட்டாவிலும் பெறலாம் என்று கண்டதே .40-இன் பிறப்புக்குக் காரணம். எனினும் இறுதி மாற்றத்தின்போது, உதை குறைந்த தோட்டாவில் பெரும்பாலோர் விரைந்தும் குறிதவறாமலும் சுடுகின்றனர் என்பது காரணங்களுள் ஒன்றாக வெளிப்படையாகவே கூறப்பட்டது.

இக்கட்சியின் வாதம் மனிதனை எதிர்கொள்ளும் காவல் ஆயுதத்துக்குப் பெரிதும் பொருந்துகிறது. ஆனால் 300 கிலோவுக்கு மேற்பட்ட கரடியின் எதிரிலும், சாய்ந்தால் மட்டுமே கணக்கில் சேரும் இரும்புக் கடாவின் எதிரிலும் அது மௌனமாகிவிடுகிறது. அங்கே அவர்கள் கூறக்கூடியது ஒன்றே: பயிற்சியை மென்மையான தோட்டாவில் செய்து, முழு வலிமையைத் தேவைக்கென ஒதுக்கி வைக்கலாம். இது நல்லுரை. .44 மேக்னம் ரிவால்வர் .44 ஸ்பெஷல் தோட்டாவையும், .454 கசூல் ரிவால்வர் .45 கோல்ட் தோட்டாவையும் ஏற்பதால் இதை நடைமுறையில் கொள்வதும் எளிது. ஆயினும் மென்மையில் பெற்ற திறன் வன்மைக்கு எவ்வளவு தூரம் கூடவரும் என்னும் கேள்விக்கு இக்கட்சியார் தெளிவான பதில் தந்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

சரீரமே தாங்கட்டும் என்னும் கட்சி

மூன்றாம் கட்சியாரின் விவாதம் நிற்கும் நிலையையும் பிடிக்கும் முறையையும் பற்றியது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் ஒற்றைக் கையால் சுடுவதே மரபாயிருந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டக் காவலரான ஜாக் வீவர் 1950-களின் இறுதியில், கலிபோர்னியாவின் பிக் பேர் ஏரியில் நடந்த போட்டிகளில், ஒரு கை முன்தள்ள மறு கை பின்னிழுக்க முழங்கை மடித்து நிற்கும் முறையால் வென்றார். ஜெஃப் கூப்பர் அதைச் சித்தாந்தமாக்கிப் பரப்பினார். 1980-களின் தொடக்கத்தில் ராப் லேதம், பிரையன் ஈனாஸ் இருவரும் இரு கைகளையும் சமமாக நீட்டி, உடலை முன்சாய்த்து நிற்கும் முறையால் அதைப் பின்தள்ளினர்.

இந்த இரு முறைகளுக்கும் இடையே நடந்த விவாதம் ஏடுகளை நிரப்பியிருக்கிறது. அதைப் பெருங்குழல் ரிவால்வருக்கு அப்படியே கொண்டுவருவது தகுமா என்பதில் எனக்குப் பெரும் ஐயம் உண்டு. இவ்விரு முறைகளும் உருவான போட்டிகளில் தோட்டாவின் வலிமை ஒரு சூத்திரத்தால் அளக்கப்படுகிறது: குண்டின் கிரெய்ன் எடையை அதன் வினாடி அடிவேகத்தால் பெருக்கி, 1,000-ஆல் வகுக்க வேண்டும். அந்த அளவில் 170 என்பதே பெருவலிமை. அதே சூத்திரத்தில் .44 மேக்னம் 330-ஐத் தாண்டுகிறது; .500 மேக்னம் 700-ஐத் தாண்டுகிறது. அரைவினாடிக்குள் இரண்டாம் வேட்டைச் சுடுவதற்கு அமைந்த நிலை, ஒரே வேட்டைச் செம்மையாகச் சுட்டுவிட்டு அதன் விளைவைப் பாதுகாப்பாக ஏற்பதற்கும் சிறந்ததுதான் என்று கொள்வதற்குப் போதிய ஆதாரம் காணவில்லை.

கனத்த ரிவால்வரில் நெடுநாள் பழகியவர்களின் வழக்கம் வேறாகவே இருக்கிறது. இரு கைகளாலும் இறுக்கிப் பிடித்து, மணிக்கட்டை நிலைநிறுத்தி, முழங்கையை மட்டும் சற்றே நெகிழவிட்டு, குழல் மேலெழும்போது அதனோடு மல்லுக்கு நில்லாமல் முன்னங்கைகள் மேலேறிச் செல்ல அனுமதிப்பது அவர்கள் முறை. முழங்கையை முற்றிலும் பூட்டிவிட்டால் உதை தோளுக்கு நேராக ஏறுகிறது. முற்றிலும் தளர்த்தினால் குழல் நெற்றியை நோக்கித் திரும்பும் அபாயம் உண்டு. இறுக்கம் எவ்வளவு, நெகிழ்ச்சி எவ்வளவு என்பதில் நிபுணர்களுக்குள் அபிப்பிராய பேதம் நீடிக்கிறது. உடலமைப்பு ஆளுக்கு ஆள் வேறுபடும்போது அது நீடிப்பதில் வியப்பில்லை. விவாதத்துக்கு இடமில்லாத விதியும் ஒன்று உண்டு: பிஸ்டலில் பழகியவர் துணைக்கையின் கட்டைவிரலை முன்னோக்கி நீட்டிவைப்பதுபோல் ரிவால்வரில் வைத்தால், உருளைக்கும் குழலுக்கும் இடையேயுள்ள இடுக்கின் வழியே பக்கவாட்டில் பீறிடும் வாயு, .460, .500 தோட்டாக்களில், அவ்விரலைக் கடுமையாகக் காயப்படுத்திவிடும்.

மனத்தின் பங்கு

சுட்ட குண்டு குழலைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம் ஏறத்தாழ வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் .44 ரிவால்வர் பின்னோக்கி நகரும் தூரம் ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டரே. குழல் சற்று மேலெழத்தான் செய்கிறது. ரிவால்வரைப் பக்கவாட்டில் வைத்து, குறிபார்க்கும் கோட்டோடு குழலின் அச்சை ஒப்பிட்டால், குழல் சற்றுக் கீழ்நோக்கியிருப்பதையும் முன்குறி அதற்கேற்ப உயர்ந்திருப்பதையும் காணலாம். குண்டு வெளியேறுமுன் எழப்போகும் அந்தச் சிற்றெழுச்சியை ஆயுதம் செய்தவர் முன்னதாகவே கணக்கிட்டு வைத்த அடையாளம் அது. ஒரே பிடியில் ஒரே மாதிரி பிடித்தால் இவ்வெழுச்சியும் ஒரே அளவில் அமைந்துவிடும். ஆதலின், கையைக் குலுக்கி, மணிக்கட்டை மடக்கி, நெஞ்சை அதிரவைக்கும் அந்தப் பெரிய உதை முழுவதும், குண்டு தன் வழியே போனபிறகு நிகழ்வதே. அது இலக்கைத் தவறச்செய்ய இயலாது.

பிறகு இலக்கு ஏன் தவறுகிறது? இங்கேதான் நான்காம் கட்சியாரின் விடை மற்றெல்லாவற்றினும் ஆழமாகச் செல்கிறது என்பது என் துணிபு. தவறச்செய்வது உதை அன்று; உதையின் எதிர்பார்ப்பு. விசை இழுபடும் கணத்தில், வரப்போகும் அடியை அடக்கும் பொருட்டு, கை தானறியாமலே குழலைக் கீழ்நோக்கி அழுத்திவிடுகிறது. இதை வெளிப்படுத்த நெடுங்காலமாகக் கையாளப்படும் சோதனை மிக எளியது. ரிவால்வரின் உருளையில் சில அறைகளில் நல்ல தோட்டாவும் சில அறைகளில் சுட்ட வெற்றுறையுமாகக் கலந்து இட்டு, சுடுபவர் அறியாதபடி உருளையைத் திருப்பி மூடித் தருவார்கள். சுத்தியல் வெற்றுறையின்மீது விழும்போது ஓசையும் இல்லை, உதையும் இல்லை. ஆனால் குழல்வாய் இரண்டு மூன்று அங்குலம் குனிந்து நிற்கும். அந்தக் குனிவைத் தம் கண்ணாலேயே கண்டபிறகு, கோளாறு துப்பாக்கியில் இருக்கிறது என்று எவரும் வாதாடுவதில்லை.

இக்குனிவு இயற்கையான திடுக்கீடு என்றும், ஆகவே மாற்ற இயலாதது என்றும் சிலர் கருதுகின்றனர். இது இருவேறு நிகழ்ச்சிகளை ஒன்றாக மயங்குவதாகும். கார்னி லாண்டிஸ், வில்லியம் ஹன்ட் என்னும் அமெரிக்க உளநூலார் 1939-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், துப்பாக்கி வேட்டோசையைக் கேட்டவர்களை அதிவேகப் படச்சுருளில் பதிவுசெய்து, கண்ணிமை மூடுதல், தலை முன்குனிதல், தோள் உயர்தல், முழங்கை மடிதல் என்னும் தொடரை விவரித்தனர். அவற்றுள் இமைப்பு, எவ்வளவு பழகினும் எளிதில் மறையாதது. ஆனால் அத்தொடரில் மிக விரைவானதாகிய இமைப்புக்கும் வினாடியில் நூற்றில் சில பங்கு நேரம் தேவை. குண்டோ அதற்கு வெகு முன்பே போய்விட்டது. எனவே ஓசைக்குப் பின்வரும் திடுக்கீடு மாற்ற அரிதாயினும் தீங்கற்றது. ஓசைக்கு முன்வரும் குனிவு தீங்கானதாயினும் கற்றுக்கொள்ளப்பட்டது. கற்றதை மறக்கச்செய்ய இயலும் என்பதற்கு, வெற்றுறை அப்பியாசத்தால் திருந்தியவர்களே சான்று.

குழலை முன்கூட்டியே குனியவைக்கும் இம்மருட்சிக்கு விதை வலியா, ஓசையா என்பது தனிக் கேள்வி. செவிக்குள் அடைப்பானும் அதன்மேல் காதுமூடியும் ஒருசேர அணிவித்தவுடன் உதை குறைந்துவிட்டதாகச் சுடுபவர் கூறுவது பயிற்சிக்களங்களில் வழக்கமான நிகழ்ச்சி. உதையோ இம்மியும் குறையவில்லை. இதைக் கொண்டு ஓசையின் பங்கு கணிசமானது என்று கூறலாம். அதன் விகிதம் இவ்வளவு என்று வரையறுப்பது அத்தனை எளிதன்று.

இக்கட்சியின் பலவீனமும் இங்கேயே இருக்கிறது. மனத்தை வென்றால் எல்லாம் வெல்லலாம் என்னும் எல்லைக்கு அதன் ஆசிரியர்கள் சிலர் சென்றுவிடுகின்றனர். விரைந்து சுடும் தேர்ந்த வீரரின் கையும் குழலைக் கீழே தள்ளத்தான் செய்கிறது. ஆனால் குண்டு போன மறுகணத்தில். குனிவுக்கும் தேர்ச்சிக்கும் இடையேயுள்ள வேற்றுமை சில வேளைகளில் செயலில் இல்லாமல் காலத்தில் மட்டுமே இருக்கிறது என்றால், அதை மனோதைரியம் என்ற ஒரே சொல்லால் விளக்கிவிட முடியாது. வலியை உணர்வது கோழைத்தனம் என்னும் தொனி இவ்விலக்கியத்தில் அவ்வப்போது கேட்பது வருந்தத்தக்கது; பலரை அது ஊறு வரையில் கொண்டுசென்று விட்டிருக்கும்.

சரீரத்தின் எல்லை

அமெரிக்கச் சேனையின் பரிசோதனை விதிகள், தோளில் வைத்துச் சுடும் ஆயுதங்களுக்கு உதையாற்றலின்படி நாள் வரம்பு வகுத்திருக்கின்றன: 15 அடி-பவுண்டுக்குக் கீழ் வரம்பில்லை, 30-ஐத் தாண்டினால் ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 வேட்டு, 45-ஐத் தாண்டினால் 25, 60-க்கு மேல் தோளில் வைத்துச் சுடுதலே கூடாது. முன்னர்க் கணக்கிட்ட .500 மேக்னத்தின் 60 ஜூல் ஏறத்தாழ 45 அடி-பவுண்டு. அகன்ற தோளுக்கே இருபத்தைந்தா நூறா என்று ஐயுறத்தக்க எல்லையில் நிற்கும் உதையை மணிக்கட்டு ஏற்கிறது. தோளுக்கான விதியை மணிக்கட்டுக்கு அப்படியே பொருத்துவது முறையாகாது என்பது உண்மையே. பொருத்தினால் வரம்பு இறங்குமேயன்றி ஏறாது என்பதும் உண்மை. அதிரும் கருவிகளைப் பிடித்து வேலைசெய்யும் தொழிலாளரின் கைகளைப் பற்றி வகுக்கப்பட்ட அளவைகள் தொடர் அதிர்வுக்கு உரியவை. தனித்தனி அடியாக வரும் துப்பாக்கி உதைக்கு அவற்றை நீட்டுவது தற்காலிகமான ஏற்பாடே.

ஊறு உடனடியாக நேரும் விதம் ஒன்றையும் குறிப்பிட வேண்டும். வலுக்குறைந்த கையோ பழகாத கையோ பெருங்குழல் ரிவால்வரைச் சுடும்போது, ஆயுதம் பின்னோக்கி மேலெழும் கணத்தில் கை அதைத் தவறவிடாதிருக்க அனிச்சையாக இறுகுகிறது. விசையின்மேல் இன்னும் விரல் இருக்குமாயின், இரண்டாம் வேட்டு வெடித்துவிடுகிறது. அப்போது குழல்வாய் இலக்கை நோக்கி இருப்பதில்லை. மேலேயோ பின்னேயோ திரும்பியிருக்கும்.

எஞ்சி நிற்பவை

நான்கு கட்சிகளையும் ஒருங்கே நோக்கும்போது, அவை ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. அவ்வாறு மறுப்பதாக எழுந்த தோற்றம் பெரும்பாலும் அளவைகளின் குழப்பத்தால் வந்தது. குறி தவறுவதைப் பொறுத்தவரை மனத்தின் பங்கே முதன்மையானது என்று ஏற்பதற்குப் போதிய காரணம் இருக்கிறது. ஊறுபடுவதைப் பொறுத்தவரை மனத்துக்கு இடமே இல்லை. அங்கே எடையும், தோட்டாவும், நாளொன்றுக்குச் சுடும் எண்ணிக்கையும் மட்டுமே பேசும். ஒரு கேள்விக்குரிய விடையை மற்றக் கேள்விக்குத் தந்ததே இத்துறையின் பெரும்பிழை என்பது என் மதிப்பீடு. நீண்டகாலம் .454, .500 ரிவால்வர்களைச் சுட்டவர்களின் மணிக்கட்டும் நரம்பும் எவ்வாறாகின்றன என்பதும், மென்தோட்டாப் பயிற்சி வன்தோட்டாவுக்கு எவ்வளவு உதவுகிறது என்பதும், ஓசையும் உதையும் மருட்சியை விதைப்பதில் எந்த விகிதத்தில் பங்குகொள்கின்றன என்பதும் தீர்க்கப்படாத வினாக்களாகவே நிற்கின்றன. இவற்றுள் முதலாவதே அவசரமானது; பந்தயக் களங்களிலும் வேட்டை விடுதிகளிலும் வயதேறிவரும் ஒரு தலைமுறையின் கைகளில் அதற்கான சான்று இப்போதே இருக்கிறது.

இவற்றுக்கு விடை வரும்வரையில் காத்திருக்க வேண்டாதவை இரண்டு உண்டு. ஆயுதம் செய்வோர், தாம் விற்கும் துப்பாக்கியும் அதற்குரிய முழு வலிமைத் தோட்டாவும் சேர்ந்து தரும் உதையாற்றலை விற்பனைப் பெட்டியின்மீது எண்ணாக அச்சிட வேண்டும். கணக்கு ஒரு நிமிட வேலை. பெருங்குழல் ரிவால்வரை முதன்முறையாக ஒருவர் கையில் கொடுப்பவர் எவராயினும், உருளையில் ஒரே ஒரு தோட்டாவை மட்டும் இட்டுக் கொடுக்க வேண்டும்.